கிரகணத்துக்கு முந்திய தையல்

சேந்தமங்கலத்திலிருந்து எருமப்பட்டிக்குப் போகும் வழியில் இருக்கும் அந்த ஊரில், மூன்று வயது வரை ஆண் பிள்ளைகளுக்கு உடுப்பு என்று எதுவும் கிடையாது. இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு, அவ்வளவுதான். வசந்தாமணியின் மகன் தங்கமுத்து மட்டும் தவழத் தொடங்கும் முன்பே டவுசர் போட்டான். சித்திரை வெயிலில்கூட அவள் அதைக் கழற்ற விடவில்லை. ஊர் முதலில் சிரித்தது. "கலெக்டர் ஊட்டுப் புள்ள" என்றது. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசிக்கத் தொடங்கியது. ஓர் ஊர் ஒரு பெண்ணைப் பற்றிச் சேர்ந்து யோசிக்கத் தொடங்கினால், அதில் நல்லது எதுவும் வருவதில்லை.

டவுசருக்குள் இருந்த விஷயம் இதுதான். பையனுக்குச் சிறுநீர் வெளியேறும் துளை நுனியில் இல்லை. அடிப்பக்கத்தில், பாதி வழியில் இருந்தது. கத்தி முனையால் கீறிவிட்டது போலத் தெரியும். நின்றுகொண்டு ஒண்ணுக்குப் போனால் காலெல்லாம் நனைந்துவிடும் என்பதால், உட்கார்ந்து போகப் பழக்கியிருந்தாள். சில நூறு ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி அமைவது உண்டு. மருத்துவத்தில் அதற்கு ஒரு பெயரும், அதைச் சரிசெய்ய ஓர் அறுவை சிகிச்சையும் இருக்கின்றன. ஆனால் வசந்தாமணியின் வீட்டில் அதற்கு வைத்திருந்த பெயர் கிரகணம்.

1980ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு சனிக்கிழமை பிற்பகலில் சூரியன் மறைந்தது. அன்று காலையிலிருந்தே சாலையில் பஸ் குறைந்துபோனது. கடைகள் பலகை போட்டு மூடின. கர்ப்பிணிப் பெண்களை இருட்டறையில் படுக்க வைத்தார்கள். எதையும் நறுக்கக் கூடாது, கிள்ளக் கூடாது, ஊசியில் நூல்கூடக் கோக்கக் கூடாது, மீறினால் வயிற்றுப் பிள்ளைக்கு அந்த இடத்தில் ஊனம் வரும் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

வசந்தாமணிக்கு அப்போது ஏழாம் மாதம். வயது இருபத்து நான்கு. கணவன் வேலுமணி லாரி ஓட்டினான். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். மாமியார் பாவாயிக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. அந்த ஆண்டு அதில் ஒன்றும் விளையவில்லை. அதனால் பருவத்தில் வசந்தாமணி பக்கத்துச் சேகோ ஆலைக்கு, குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளியின் தோல் சீவப் போய்க்கொண்டிருந்தாள். வரிசையாகப் பெண்கள் தரையில் உட்கார்ந்து, கத்தியால் கிழங்கின் தோலைச் சீவித் தள்ளுவார்கள். பிடுங்கிய கிழங்கு காத்திருக்காது. சட்டென்று உள்ளே கறுத்துவிடும். கறுத்த கிழங்கில் வெள்ளை ஜவ்வரிசி வராது.

கிரகணத்துக்கு முதல் நாள் ஆலைக்கு லோடு வந்து இறங்கிவிட்டது. முதலாளி ஆள் விட்டுச் சொன்னார். நாளைக்கு வராதவர்களுக்கு இந்தப் பருவம் முழுக்க வேலை இல்லை. அதே முதலாளியின் மருமகளும் அப்போது நிறைமாதம். அவளை ஜன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டிய அறையில் படுக்க வைத்திருந்தார்கள். கிரகணம் ஆலைக்காரர் மருமகளை மட்டும்தான் தீண்டும், தோல் சீவ வரும் மருமகள்களை விட்டுவிடும் என்று அவருக்கு எந்தப் பஞ்சாங்கம் சொல்லிற்றோ தெரியவில்லை.

வசந்தாமணி தயங்கினாள். பாவாயிதான் சொன்னாள்.

"போயிட்டு வா புள்ள. ஓட்டுக்கு அடியிலதான வேல? வெயிலு மேல படாது. பொழப்பு போயிருச்சுன்னா அப்பறம் யாருகிட்டப் போயி நிப்பே?"

போனாள். பிற்பகலில் ஆலை முற்றத்து வெளிச்சம் மங்கி, வெயில் பித்தளை நிறமாகியது. கோழிகள் கூட்டுக்குத் திரும்பின. அவள் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு ஆள் தள்ளி இன்னொரு பெண்ணும் நான்கு மாத வயிற்றோடு சீவிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குப் பின்னர் குறை எதுவும் இல்லாமல் பிள்ளை பிறந்தது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பலித்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பலிக்காததை மறந்துவிடுவதுதான் மூடநம்பிக்கையின் முழு மூலதனம்.

சித்திரையில் தங்கமுத்து பிறந்தான். மருத்துவச்சி பிள்ளையைத் தூக்கிப் பாவாயியிடம் காட்டினாள். பாவாயி குனிந்து பார்த்தாள். பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூட வசந்தாமணிக்கு யாரும் சொல்லவில்லை. முதல் கேள்வியே இதுதான்:

"அன்னிக்குக் கத்தி புடிச்சியாடி?"

"புடிச்சேனுங்க" என்றாள் வசந்தாமணி.

அந்த ஒரு சொல்லோடு வழக்கு முடிந்தது. குற்றம் சாட்டியவர், சாட்சி, குற்றவாளி எல்லாரும் அந்த அறைக்குள்ளேயே இருந்தார்கள். ஆலைக்காரருக்குச் செய்தி போனதும் அவர், "கத்திய எடுன்னு நானா கையில குடுத்தேன்?" என்று கேட்டாராம். சோசியர் வந்து கட்டம் போட்டுப் பார்த்தார். கத்தியால் வந்த குறை. இன்னொரு கத்தி பட்டால் பிள்ளையின் உயிருக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் ஊரில் யாரும் வளைகாப்புக்கு வசந்தாமணியை அழைக்கவில்லை. அவளும் அதை நியாயம் என்றே எடுத்துக்கொண்டாள். இதுதான் கொடுமையிலும் கொடுமை. அடித்தவர்கள் ஓய்ந்த நேரத்திலும் அவள் தன்னைத் தானே அடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அந்த இடத்தைப் பார்ப்பாள். தன் வலது கையைப் பார்ப்பாள்.

ஐந்து வயதில் பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். இடைவேளையில் பையன்கள் எல்லாம் சுவரைப் பார்த்து வரிசையாக நிற்பார்கள். யாருடையது உயரம் போகிறது என்று போட்டி. தங்கமுத்து மட்டும் தள்ளிப் போய் உட்காருவான். ஒரு வாரத்தில் அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். "ஏய் தங்கம்மா, பாவாடை எங்கடி?" அவன் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை மட்டும் நிறுத்திவிட்டான். தண்ணீர் குடிக்காவிட்டால் ஒண்ணுக்கு வராது. வராவிட்டால் உட்கார வேண்டியதில்லை. ஐந்து வயதுப் பிள்ளை தனக்குத் தானே கண்டுபிடித்த வைத்தியம் அது. ஒரு நாள் காய்ச்சலும் நீர்க்கடுப்புமாக வந்து விழுந்தான்.

வேலுமணி அப்போது லோடு முடித்து வீட்டுக்கு வந்திருந்தான். மகனிடமிருந்து விஷயத்தைக் கறந்தான். பிறகு மனைவியிடம் வந்தான்.

"அம்மாபேட்டையில சரக்கு எறக்குற எடத்துல ஒருத்தரு சொன்னாரு புள்ள. அவரு அக்கா பேரனுக்கும் இதே மாதிரியாம். சேலத்துப் பெரியாஸ்பத்திரில ஆப்ரேசன் பண்ணிச் சரியாப் போச்சாம்."

"வேண்டாமுங்க" என்றாள் வசந்தாமணி. "இன்னொரு கத்தி பட்டாப் போயிருவானுங்க. கொற இருந்தாலும் கண்ணு முன்னால இருக்கட்டும்."

"இருப்பானா? தண்ணி குடிக்காம எத்தன நாளைக்கு இருப்பான்?"

மேச்சேரி கோயிலுக்குப் போவதாகத் தாயிடம் பொய் சொல்லிவிட்டு, வேலுமணி இருவரையும் சேலத்துக்குக் கூட்டிப் போனான். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, லாரி காத்திருப்பதால் ஆப்பரேஷன் அன்றைக்கு வந்துவிடுவதாகச் சொல்லிப் போனான்.

முதல் நாள் ஊசி வழியாக மருந்து ஏற்றிப் பையன் வயிற்றை எக்ஸ்ரே எடுத்தார்கள். கீழே உள்ள கோளாறுக்கு மேலே எதற்குப் படம் என்று வசந்தாமணிக்கு இன்னும் பயம் கூடியது. தீட்டு உள்ளே வரைக்கும் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். மறுநாள் காலை மூட்டையைக் கட்டிவிட்டாள். பையனின் கையைப் பிடித்துக்கொண்டு வார்டு வாசலுக்கு வந்தபோது, பக்கத்துக் கட்டில்காரி செல்லியம்மாள் மறித்தாள். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், வாய் ஓயாதவள். அவளும் மகனுக்கு ஆப்பரேஷனுக்காக வந்திருந்தாள்.

"எங்கம்மா மூட்டையோட? ஆஸ்பத்திரிச் சாப்பாடு பிடிக்கலையா? எனக்குந்தான் பிடிக்கல. அதுக்காக ஓடிடறதா?"

அதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார். கண்ணாடி போட்ட, நடுவயதுப் பெண். அவசரக்காரர்; ஆனால் அன்றைக்கு நின்றார். என்னம்மா என்று கேட்டார். வசந்தாமணி அழுதாள். ஐந்து வருடத்தில் முதல் முறையாக வெளி மனுஷியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கிரகணம், கிழங்கு, கத்தி, சோசியர், நேற்று எடுத்த எக்ஸ்ரே.

டாக்டரம்மா சிரிக்க வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கிரகணம் எந்த மாசம்?"

"மாசிங்க."

"இவன் வயித்துல வர்றதுக்கு முன்னாடி கடைசியா எப்பத் தலைக்கு ஊத்தினே?"

"பதினெட்டாம் பெருக்குக்கு முந்திங்க. ஆடி மொத வாரம்."

"சரி, கேட்டுக்கோ. மொதல்ல கிட்னி. எதுக்குப் படம் எடுத்தோம்னு பயந்துட்டியா? வயித்துப் புள்ளைக்கு மூத்திரக் காயும் இந்த உறுப்பும் பக்கத்துப் பக்கத்துல, ஒரே எடத்துலதான் உருவாகுது. ஒண்ணுல கோளாறு இருந்தா இன்னொண்ணையும் பாத்துக்கறது வழக்கம். கிட்னி லேசுல உருவாகறதில்ல. மூணு தடவ கட்டும். மொதல் ரெண்டும் கரைஞ்சு போயிடும். மூணாவதுதான் நிலைக்கும். அதுவும் இடுப்புக் குழியில உண்டாகி, மெள்ள மெள்ள மேல ஏறி முதுகுப் பக்கம் போய் உக்காரும். உம் பையனுக்கு ரெண்டும் ஏறி, ஒழுங்கா எடத்துல உக்காந்திருக்கு."

"மூணு தடவயுங்களா?" என்றாள் வசந்தாமணி, மூக்கைத் துடைத்துக்கொண்டே. "கட்டக் கட்டக் கரையற எங்கூட்டு மண்ணடுப்பு மாதிரி."

"அதே மாதிரிதான்." டாக்டரம்மா போர்வையின் ஓரத்தை எடுத்து, நடுவில் விரலால் அழுத்தி ஒரு பள்ளம் செய்தார். "இப்ப இது. ஆரம்பத்துல பையனுக்கும் பொண்ணுக்கும் வித்தியாசமே கிடையாது. ஒரே மொட்டு. அடியில இப்படி ஒரு பள்ளம், ரெண்டு பக்கமும் கரை. பொண்ணுன்னா கரை ரெண்டும் தனித்தனியாவே நிக்கும். பையன்னா ரெண்டு கரையும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து, பின்னாலருந்து முன்னால, தைச்ச மாதிரி மூடிக்கிட்டே வரும். குழாய் ஆயிடும். உம் பையனுக்கு அந்தத் தையல் பாதியில நின்னு போச்சு. அவ்வளவுதான்."

"அது எப்ப நிக்குதுங்க?"

"உன் கணக்குக்குப் புரட்டாசியில ஆரம்பிச்சு ஐப்பசிக்குள்ள முடிஞ்சிருக்கும். தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சியா? அப்ப உள்ள தைச்சுக்கிட்டு இருந்திருக்கு."

வசந்தாமணி விரல்களை மடக்கினாள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை, மாசி.

"அப்ப மாசியில?"

"மாசியில எல்லாம் முடிஞ்சு போன சங்கதி. வயித்துக்குள்ளயே புள்ளைங்க ஒண்ணுக்குப் போகும், தெரியுமா? நீ கிழங்கு சீவிக்கிட்டு இருந்தப்பவே இவன் உள்ள போயிக்கிட்டுத்தான் இருந்திருக்கான். எந்தத் துளை வழியா? இதே துளை வழியா."

வசந்தாமணி மகனைப் பார்த்தாள். அவன் கட்டில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தான்.

"அப்பறம் எதுக்குங்க நின்னுச்சு?"

"அது எனக்குத் தெரியாதும்மா. இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது. எப்ப நின்னுச்சுன்னு தெரியும். உன் கத்தி இல்லன்னு தெரியும்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவு விஞ்ஞானத்துக்கு இருக்கிறது. சோசியருக்கு எல்லாமே தெரிந்திருந்தது.

ஆனாலும் வசந்தாமணி உடனே நம்பிவிடவில்லை. படித்தவர்கள் ஆறுதலுக்காகவும் பேசுவார்கள். அவளை நம்ப வைத்தவள் செல்லியம்மாள்தான். அதுவரை வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள், திடீரென்று கையை ஓங்கித் தொடையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! அதே கிரகணம்! என் பையனும் அப்ப வயித்துலதான். எங்க மாமியா என்னை நெல்லு வைக்கிற அறையில போட்டு, ரெண்டு கம்பளியப் போட்டு மூடிப் பூட்டிட்டாங்க. கத்தி எங்க? நகத்தக்கூடக் கடிக்கல. எச்சி முழுங்கறதுக்கே பயந்துக்கிட்டுக் கிடந்தேன். எம் பையனுக்கும் அதேதான இருக்கு? பாரு வந்து!"

அவள் தன் மகனின் போர்வையை விலக்கிக் காட்டினாள். வசந்தாமணி பார்த்தாள். அதே இடம், அதே போன்ற கீறல். கத்தி எடுத்தவள் பிள்ளைக்கும், கம்பளிக்குள் கிடந்தவள் பிள்ளைக்கும். அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். அது ஒரு சாதாரணக் கை.

"நம்பலேன்னா இன்னொண்ணு சொல்றேன்" என்றார் எழுந்துகொண்ட டாக்டரம்மா. "அந்தத் தையல் போட்ட தடம் எல்லா ஆம்பளைக்கும் இருக்கும். அடியில, நடுவுல, ஒரு கோடு. வீட்டுக்குப் போயிப் பாத்துக்கோ."

"எங்க வீட்டுக்காரரு எங்க பாக்க விடுவாரு டாக்டரம்மா?" என்றாள் செல்லியம்மாள். "வெளக்க மொதல்ல அணைச்சிடுவாரே!"

வார்டே குலுங்கியது. வசந்தாமணி முந்தானையை வாயில் வைத்து அழுத்தியும் சிரிப்பு அடங்கவில்லை. மூட்டை கட்டிலுக்கு அடியில் போனது.

மறுநாள் ஆப்பரேஷன். காலையில் வேலுமணிக்கு முன்னால் பாவாயி வந்து சேர்ந்தாள். லாரிக்காரர்களின் வாய் வழியாகச் செய்தி ஊருக்குப் போயிருந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

"குடு எம்பேரன! மேச்சேரியா இது? மேச்சேரியா? ஒருக்காக் கொன்னது பத்தாதுன்னு மறுக்காவும் கத்திக்குக் குடுக்கறயாடி?"

வசந்தாமணி மாமியாரை எதிர்த்து நின்றதே இல்லை. அன்றைக்குக் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றாள். மகன் அவளுக்குப் பின்னால் இருந்தான்.

"என்ற கத்தியால வந்ததில்லீங்க அத்தை."

"எந்தச் சாமி வந்து சொல்லுச்சு?"

"சாமி சொல்லுலீங்க. நீங்கதான் சொல்லோணும். நாலு பசங்களைக் குளிப்பாட்டி வளத்துனீங்களே. அவுங்களுக்கு அடியில, நடுவால, ஒரு கோடு ஓடுச்சா இல்லீங்களா?"

பாவாயி இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஓடும். அது எல்லாத்துக்கும் இருக்கறதுதான? அதுக்கென்ன?"

"அது தையலுங்க. வயித்துக்குள்ள தைச்ச தையலு. இவனுக்குப் பாதியில நின்னு போச்சு. தீபாவளிய ஒட்டியே நின்னு போச்சு. கெரகணம் வந்தது மாசியிலதானுங்களே? நாலு மாசத்துக்கு முன்னால நின்ன தையல மாசியில நான் எப்புடிங்க வெட்டறது?" செல்லியம்மாளைக் காட்டினாள். "அவுங்களக் கேளுங்க. கம்பளியப் போட்டு மூடிப் பூட்டி வெச்சிருந்தாங்களாம்."

செல்லியம்மாள் கேட்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கிவிட்டாள். நெல் அறையும் கம்பளியும் இந்த முறை இன்னும் விரிவாக வந்தன. பாவாயி அந்தப் பையனைப் பார்த்தாள். தன் பேரனைப் பார்த்தாள். மாதங்களை அவளும் எண்ணினாள், உதடு அசைந்தது. கூச்சல் எங்கே போனது என்று தெரியவில்லை.

"அப்ப..." என்று இழுத்தாள். "அப்ப அன்னிக்கு நான் உன்னப் போச்சொன்னது?"

வசந்தாமணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவள் முகம் மாறியது. ஐந்து வருடமாக இந்தக் கிழவி அவளைத் திட்டியதெல்லாம், தான் வாசல் வரை வந்து அனுப்பி வைத்த அந்தச் சனிக்கிழமையைக் காதில் விழாமல் செய்யத்தான். திட்டு எவ்வளவு சத்தமாக இருந்ததோ, உள்ளே பயம் அவ்வளவு பெரிதாக இருந்திருக்கிறது. ஒரே பொய்யை இரண்டு பெண்கள் பங்கு போட்டுச் சுமந்திருக்கிறார்கள். கிழங்கை இறக்கிய முதலாளியும் கட்டம் போட்ட சோசியரும் இந்த ஐந்து வருடத்தில் ஓர் இரவுகூடத் தூக்கம் கெட்டிருக்க மாட்டார்கள்.

"நீங்க போச்சொன்னதாலயும் இல்லீங்க. நான் போனதாலயும் இல்லீங்க."

பாவாயி கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள். மூச்சை நீளமாக விட்டாள்.

"ஆகட்டும் சாமி" என்றாள் பேரனிடம். "போயிட்டு வா. அழுவாத, என்ன?"

ஆப்பரேஷன் முடிந்தது. மிச்சத் தையலை டாக்டரம்மா போட்டார். சிறுநீர் இறங்க ஒரு ரப்பர் குழாய் வைத்துக் கட்டிவிட்டார்கள். காயம் ஆறும்வரை வேலுமணி வந்தும் போயும் இருந்தான். பாவாயி ஊருக்குப் போகவில்லை. செல்லியம்மாளோடு சேர்ந்து வார்டு நர்சுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

குழாயை எடுத்த அன்று காலையில் எல்லாருக்கும் ஒரே கவலைதான். தையல் நிற்குமா? நேராக வருமா? வேறு எங்காவது கசியுமா? வார்டின் கோடியில், தாழ்வாரச் சுவருக்கு எதிரே தங்கமுத்துவை நிறுத்தினார்கள். பின்னால் அம்மா, அப்பா, பாவாயி, செல்லியம்மாள், அவள் மகன், இன்னும் நாலைந்து கட்டில்காரர்கள்.

பையன் நின்றான். ஒன்றும் நடக்கவில்லை.

"வருதா கண்ணு?"

"வருது. ஆனா வராது."

"ஏன் சாமி?"

"எல்லாரும் பாக்கறீங்க."

"அட, எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க!" என்று வேலுமணி அதட்டினான். எல்லாரும் திரும்பினார்கள். எதிரே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு அத்தனை பேரும் காது கொடுத்து நின்றார்கள். செல்லியம்மாள்கூடப் பேசவில்லை.

முதலில் ஒரு சின்னச் சத்தம். நின்றது. பிறகு சுவரில் பட்டுத் தெறிக்கிற சத்தம், சீராக, நீளமாக.

"அம்மா! நேராப் போவுது! காலு நனையல பாரு! செவுத்துல படுது!"

வசந்தாமணி திரும்பிப் பார்த்தாள். சுவரில், பையனின் தலை உயரத்துக்கு ஈரம். அவன் அதை இடமும் வலமுமாக ஆட்டிச் சுவரில் எழுதிக்கொண்டிருந்தான். வேலுமணி சிரித்தான், கண்ணையும் துடைத்துக்கொண்டான். பாவாயி செல்லியம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அந்த நேரம் பார்த்து, தாழ்வாரம் கூட்டும் ஆயா துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"இது என்ன கூத்து? இப்பத்தான கழுவி விட்டேன்? யாரு புள்ள இவன்?"

"எம்புள்ளைங்க!" என்றாள் வசந்தாமணி. வார்டின் மறுகோடி வரை கேட்டது. "என்ற பையனுங்க. குடுங்க அந்த வாளிய. நானே கழுவி உடறேன்."